ஏமாந்த சிறுநீரகம்

குதிரையின் தமனியில் பொருத்திய கண்ணாடிக் குழாயில் ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியதை ஸ்டீபன் ஹேல்ஸ் அளந்தார் என்று சென்ற வாரம் பார்த்தோம். ரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பது உறுதியாகிவிட்டது. அதைக் கூட்டிக் குறைப்பது யார்? இதயம்தான் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால், தடயம் கிடைத்தது சிறுநீரகத்தில்!

1896. ஸ்டாக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா நிறுவனம். பின்லாந்தில் பிறந்த ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெரிமானும் முயலின் சிறுநீரகத்திலிருந்து சாறு எடுத்து, வேறொரு முயலின் ரத்தத்தில் செலுத்தினார்கள். அழுத்தம் மளமளவென்று ஏறியது. சிறுநீரகத்தின் புறப்பகுதிச் சாறு அழுத்தத்தை ஏற்றியது. உட்பகுதிச் சாறு ஏற்றவில்லை. கொதிக்கவைத்தால் வீரியம் போய்விட்டது. அந்தப் பொருளுக்கு 'ரெனின்' என்று பெயரிட்டு 1898-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரெனின் ஏட்டிலேயே உறங்கியது.

அதற்கு உயிர் கொடுத்தவர் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் இருந்த நோய்க்குறியியல் நிபுணர் ஹாரி கோல்ட்பிளாட். ரத்தக்கொதிப்பால் இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்தபோது, உள்ளே போகும் நாளங்கள் தடித்துச் சுருங்கியிருப்பதைக் கண்டார். கொதிப்பு வந்ததால் நாளம் கெட்டது என்பதே அன்றைய பாடம். நாளம் சுருங்கியதால்தான் கொதிப்பே வந்ததோ என்று அவர் திருப்பிப்போட்டு யோசித்தார்.

நாயின் சிறுநீரகத் தமனியில் திருகு வைத்த சின்னஞ்சிறு வெள்ளிக் கவ்வியை மாட்டி, ரத்த ஓட்டம் நின்றுபோகாமல் குறையும் அளவுக்கு மட்டும் இறுக்கினார். சில நாட்களில் நாயின் ரத்த அழுத்தம் எகிறியது. சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளை வெட்டிய பிறகும் அப்படியே நடந்தது. அப்படியானால், செய்தி நரம்பு வழியாகப் போகவில்லை; ரத்தத்தில் கலந்து போகிறது! 1934-ல் கவ்விச் சோதனையின் முடிவுகள் வெளிவந்த பிறகு, டிகர்ஸ்டெட்டின் பழைய கட்டுரையை எல்லோரும் தேடினார்கள்.

இன்று கதை முழுதாகத் தெரியும். அடிபட்டு ரத்தம் கொட்டுகிறது என்று வையுங்கள். தன்னிடம் வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்ததை உணர்ந்ததும் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அது, கல்லீரல் தயாரித்த ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் முதல் வடிவத்தை உண்டாக்குகிறது. பெரும்பாலும் நுரையீரலில் இருக்கும் ஒரு நொதி அதை வீரியமுள்ள இரண்டாம் வடிவமாக மாற்றுகிறது. உடனே நாளங்கள் இறுகும்; அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு உடலில் உப்பும் நீரும் தங்கும். அழுத்தம் மீளும், உயிர் தப்பும்.

சிறுநீரகத் தமனி அடைபட்டிருந்தாலோ, உடலில் ரத்தம் நிறைய இருந்தும் சிறுநீரகத்துக்குக் குறைவாகவே வந்து சேர்கிறது. ரத்தம் வற்றிவிட்டதென்று ஏமாந்து அது ரெனினைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உயிர் காக்கும் ஏற்பாடே நோயாகிவிடுகிறது.

இந்தச் சங்கிலியை அறுக்கும் வழியைக் காட்டியது பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியன். அதன் நஞ்சில் உள்ள பொருளை விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரைரா ஆராய்ந்தார். ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதியை அது தடுப்பது பின்னர் தெரியவந்தது. அதை முன்மாதிரியாக வைத்து ஸ்குவிப் மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் குஷ்மன், ஒண்டெட்டி இருவரும் 'காப்டோபிரில்' மருந்தை உருவாக்கினார்கள். 1981-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயர் 'பிரில்' என்று முடிந்தால் அது இந்த வம்சம். 'சார்டான்' என்று முடிந்தால், அதே சங்கிலியை அடுத்த கண்ணியில் தடுக்கும் மருந்து.

பிரஷர் உள்ளவர்களை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை செய்யச் சொல்வதும் சிறுநீரகத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவால்தான். ஒன்று கெட்டால் மற்றதும் கெடும். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரெனின் வேலைசெய்ய நிமிடங்கள் ஆகும். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது நொடியில் அழுத்தத்தைச் சரிசெய்வது எது? அது கழுத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)