கிலோமீட்டர் கூப்பன்

சாலையோரம் நின்று கை காட்டி லிஃப்ட் கேட்பவரைப் பல நாடுகளில் போலீஸ் விரட்டியிருக்கிறது. கம்யூனிச போலந்திலோ, அப்படிப் பயணம் செய்வதற்கென்றே முறையாக ஒரு புத்தகம் விற்றார்கள்.

1956இல் ஸ்டாலின் காலத்துக் கெடுபிடி தளர்ந்து கம்யூனிஸ்ட் தலைவர் கொமுல்கா ஆட்சிக்கு வந்தார். இளைஞர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை பிறந்தது, கையில்தான் காசில்லை. சொந்தக் கார் வைத்திருந்தவர்களும் சொற்பம். ஆனால், அரசு நிறுவனங்களின் லாரிகள் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஓர் ஓரம் கிடைத்தால் போதும். 'உலகைச் சுற்றி' என்ற பொருளில் பெயர் கொண்ட இளைஞர் வார இதழ் இந்த யோசனைக்குத் துணை நின்றது. 1958இல் இதற்கெனத் தனிக் குழுவே அமைந்தது. இந்தப் பயணத்துக்கு அங்கே பெயர் 'ஆட்டோஸ்டாப்'.

ஏற்பாடு எளிமையானது. சீசன் தொடங்கும்போது பயணி ஒரு சிறு புத்தகம் வாங்குவார். அதில் கிலோமீட்டர் கணக்கிட்ட கூப்பன்கள் இருக்கும். விபத்துக் காப்பீடும் அந்த விலைக்குள் அடக்கம். வண்டியிலிருந்து இறங்கும்போது, வந்த தூரத்துக்கான கூப்பனைக் கிழித்து ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். ஓட்டுநர்கள் சேர்த்த கூப்பன்களை அந்தக் குழுவுக்கு அனுப்பிவைப்பார்கள். சீசன் முடிவில் அவர்களுக்குப் பரிசு உண்டு.

இதன் அருமை பரிசில் இல்லை. ஏறுபவர் யார் என்பதற்கு அந்தப் புத்தகம் ஓட்டுநருக்கு ஒரு சாட்சியாக இருந்தது; அடிபட்டால் காப்பாற்ற ஒரு ஏற்பாடு இருக்கிறது என்ற தைரியம் பயணிக்கு இருந்தது. முன்பின் தெரியாத இருவருக்கிடையே நம்பிக்கை வளர இவ்வளவு போதும். வெளிநாட்டுப் பயணிகளும் இந்தப் புத்தகத்தை வாங்க முடிந்தது. போலந்து மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவர்கூட, கூப்பனைக் கிழித்து நீட்டும்போது தான் பட்ட கடனைக் கௌரவமாகத் தீர்த்தார். இரவல் சவாரியில் ஏறுபவரைக் கூச வைக்கும் அந்த உறுத்தலை இதைவிட நேர்த்தியாகத் தீர்த்த ஏற்பாடு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

கலைக்குள்ளும் ஆட்டோஸ்டாப் நுழைந்தது. ரோமன் போலன்ஸ்கியின் முதல் முழுநீளப் படமான 'தண்ணீரில் கத்தி' (1962), காரில் போகும் ஒரு தம்பதி வழியில் நின்ற இளைஞனை ஏற்றிக்கொள்வதில்தான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு கரீன் ஸ்டானெக் பாடிய ஆட்டோஸ்டாப் பாட்டு நாடெங்கும் ஒலித்தது.

1989இல் கம்யூனிச ஆட்சி முடிந்தது. சொந்தக் கார்கள் பெருகின. 1990களின் நடுவில் புத்தகமும் நின்றுபோனது. லிஃப்ட் கேட்டுப் போவதற்குப் போலந்து மக்கள் இன்றும் சொல்லும் சொல் ஆட்டோஸ்டாப்தான்.