விலை குறைந்த ரம்... சிப் பண்ணலாமா, மிக்ஸ் பண்ணணுமா? எடைபோட ஈஸி கைடு!

ரம் குடிப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, பாதிக்கு மேல் கோலாவை நிரப்பி, ஒரே மடக்கில் உள்ளே இறக்குவார்கள். முகத்தைச் சுளித்தபடி ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள். ``எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், ``செம கிக்" என்று பதில் வரும். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

`கம்மி விலை ரம்முல ருசி என்ன வேண்டிக்கிடக்கு' என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. விலை குறைவு என்பதாலேயே மோசம் என்று ஒதுக்கப்படும் நல்ல ரம்களும் உண்டு. அழகான பாட்டிலுக்காக அதிகம் காசு பிடுங்கும் சுமார் ரம்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. 30 மில்லி ரம், ஒரு கண்ணாடி கிளாஸ், 20 நிமிடப் பொறுமை போதும்.

உதாரணத்துக்கு, நம் ஊரில் எல்லோருக்கும் பெயராவது தெரிந்த ஓல்டு மங்க்கையே எடுத்துக்கொள்வோம்.

குட்டை பாட்டிலின் கதை

1855-ல் இமாச்சல மலையில் உள்ள கசௌலியில் எட்வர்டு டயர் என்ற ஆங்கிலேயர் ஒரு மதுபான ஆலையைத் தொடங்கினார். ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச்சூட்டுக்கு உத்தரவிட்ட ஜெனரல் டயரின் அப்பாதான் இவர். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் இந்தியர் கைக்கு வந்து, பின்னாளில் `மோகன் மீக்கின்' ஆனது. 1954-ல் அறிமுகமானது ஓல்டு மங்க். பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல், வாய்வழியாகவே ஊர் ஊராகப் பரவிய சரக்கு இது. லேபிளில் `7 ஆண்டுகள்' என்று இருக்கும். விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், 7 வருடக் கணக்கோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

*நிறம் வயதைச் சொல்லாது:* கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸை நொதிக்க வைத்துக் காய்ச்சி வடித்தால் வருவது தண்ணீர் போல நிறமற்ற திரவம். ஓக் மர பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும்போது அது பொன்னிறத்துக்கு வரும். ஆனால், கேரமல் நிறமி சேர்த்தால் அதே நிறம் ஒரே நாளில் வந்துவிடும். அதனால் `நல்லா கறுப்பா இருக்கு, பழைய சரக்கு' என்று முடிவு கட்டாதீர்கள்.

*எண்ணைக் கவனியுங்கள்:* ஜமைக்காவில் லேபிளில் 8 வருடம் என்று போட்டால், கலவையில் உள்ள மிக இளைய ரம்முக்கே 8 வயது என்று அர்த்தம். ஆனால், எல்லா எண்ணும் அப்படியில்லை. குவாத்தமாலாவின் புகழ்பெற்ற சகாப்பா ரம்மில் `23' என்று இருக்கும். அது 6 முதல் 23 வருடம் வரையிலான ரம்களின் கலவை.

*வெப்பமும் கணக்கில் உண்டு:* ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு சுமார் 2 சதவிகிதம் ஆவியாகும். வெப்பமான நாடுகளில் அது பல மடங்கு. மரத்தின் சாரமும் சீக்கிரம் இறங்கும். எனவே, நம் நாட்டின் 7 வருடத்தை அங்குள்ள 7 வருடத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது.

*அதென்ன 42.8?* பல நாடுகளில் 40 சதவிகிதம் என்று வைத்திருக்க, இந்திய பாட்டில்களில் ஏன் 42.8? இது பிரிட்டிஷ் கணக்கின் மிச்சம். வெடிமருந்தில் மதுவை ஊற்றிப் பற்ற வைத்து வீரியம் பார்த்த பழைய வழக்கத்திலிருந்து வந்தது `புரூஃப்' அளவு. 100 டிகிரி புரூஃப் என்றால் சுமார் 57 சதவிகித ஆல்கஹால். அதில் முக்கால் பங்கு, அதாவது 75 டிகிரிதான் இந்த 42.8. லேபிளில் காணும் `25 யூ.பி' என்பதும் இதையேதான் சொல்கிறது.

ராவாக... ஆனால், துளித்துளியாக!

வயிறு காலியாக இருக்கக் கூடாது. அதே சமயம், காரமாகச் சாப்பிட்ட கையோடும் வேண்டாம். அறையில் ஊதுபத்தி, சிகரெட் புகை இருக்கக் கூடாது. பக்கத்தில் தண்ணீரும் கொஞ்சம் பொரியும் வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய்க்கு இன்று லீவ்!

வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் நல்லது. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். சென்னை வெயிலில் ரம் சூடாக இருந்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் தூக்கும். பாட்டிலை 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். ரொம்பச் சில்லென்று ஆனாலும் மணம் அமுங்கிவிடும்.

*முகருங்கள்:* 15 மில்லி ஊற்றி, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு, மூக்கை கிளாஸுக்குள் விடாமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். தெரிந்த வாசனையோடு ஒப்பிடுங்கள். வெண்ணிலாவா, கருப்பட்டியா, கிராம்பா, உலர் திராட்சையா, கனிந்த வாழைப்பழமா? ஓல்டு மங்க்கில் பலருக்கும் முதலில் தட்டுப்படுவது வெண்ணிலாதான். நெயில் பாலிஷ், தின்னர் நெடி மட்டுமே வந்தால் அது மைனஸ் மார்க்.

*சுவையுங்கள்:* முதல் துளி நாக்கைப் பழக்க மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவது துளியை நாக்கு முழுக்கப் பரவவிட்டு, பத்து வரை எண்ணி விழுங்குங்கள். தொண்டையில் இதமான சூடா, கத்தி இறங்குவது போன்ற எரிச்சலா? விழுங்கிய பிறகு ருசி நிற்கிறதா, உடனே காணாமல் போகிறதா? கடைசியில் நிற்பது மர வாசமா, வெறும் கசப்பா?

*தண்ணீர் விடுங்கள்:* அரை டீஸ்பூன் தண்ணீர் சேர்த்து மறுபடி முகருங்கள். நல்ல ரம் என்றால் ஒளிந்திருந்த மணம் வெளியே வரும். சுமார் ரம் நீர்த்துப்போகும், அவ்வளவுதான்.

*தட்டு டெஸ்ட்:* சில ரம்களில் சர்க்கரை சேர்த்து, எரிச்சலை மறைத்து `ஸ்மூத்' ஆக்குவார்கள். ஐரோப்பிய யூனியனில் லிட்டருக்கு 20 கிராம் வரை அனுமதியே உண்டு. ஒரு ஸ்பூன் ரம்மைத் தட்டில் ஊற்றி இரவு முழுக்கக் காயவிடுங்கள். காலையில் தொட்டால் பிசுபிசுவென ஒட்டுகிறதா? இனிப்பு முழுக்க பீப்பாயிலிருந்து வந்ததல்ல என்பதற்கு அது ஒரு தடயம்.

மிக்ஸிங்குக்குத் தனி மார்க்

மிச்சமிருக்கும் 15 மில்லியில் 45 மில்லி கோலா, கால் மூடி எலுமிச்சை, ஒரு ஐஸ் கட்டி. இப்போது கேள்வி ஒன்றுதான்: கோலாவைத் தாண்டி ரம் தெரிகிறதா? தனியாகக் குடிக்கும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும் ரம், இங்கே கம்பீரமாக நிற்கலாம். மென்மையான, விலை உயர்ந்த ரம் கோலாவில் முகவரியே இல்லாமல் கரையலாம். அதனால்தான் சிப்புக்கு ஒரு மார்க், மிக்ஸிங்குக்கு ஒரு மார்க் எனத் தனித்தனியாகப் போட வேண்டும்.

என் மார்க்? ஓல்டு மங்க்குக்கு சிப்பில் 10-க்கு 6. வெண்ணிலாவும் இனிப்பும் முதலில் ஓடிவந்து கைகொடுக்கின்றன. ஆனால், பின்னால் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. மிக்ஸிங்கில் 8. கோலாவும் எலுமிச்சையும் சேர்ந்தாலும் அதன் குரல் அமுங்குவதில்லை. இந்த விலைக்கு இது லாபம்தான். உங்கள் நாக்கு வேறு மார்க் போட்டால், அதுவும் சரியே.

விலை உயர்ந்தது நிஜமாகவே உசத்தியா?

மூன்று ஒரே மாதிரி கிளாஸ். இரண்டில் விலை குறைந்த ரம், ஒன்றில் விலை உயர்ந்தது. தலா 10 மில்லி. எது எதில் என்று தெரியாத நண்பரிடம் கொடுத்து, `தனியாக நிற்பது எது?' என்று கேளுங்கள். உணவு ஆய்வகங்களில் பயன்படும் முறை இது. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், வேறொரு நாளும் செய்து பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால், கூடுதல் காசு எதற்கு?

நாக்குக்குத் தெரியாதது

ருசியை நாக்கு சொல்லும். பாதுகாப்பைச் சொல்லாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மெத்தனாலை முகர்ந்தோ, ருசித்தோ நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. சீல் உடைந்த, லேபிள் சந்தேகமான பாட்டிலுக்கு எந்த டெஸ்ட்டும் வேண்டாம். கீழே கொட்டிவிடுங்கள்.

`சளிக்கு ரம் நல்லது' என்பதும் நம்பிக்கைதான். தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் உடல் வெப்பத்தை இழக்கிறது.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30 மில்லி ரம்மில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு குவார்ட்டரில் 60 கிராம். 21 வயதாகாதவர்கள், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுபவர்கள், வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கு இந்த 30 மில்லியும் கூடாது. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்கவும் வேண்டாம்.

குடிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. மேலே சொன்ன மொத்தப் பரிசோதனைக்கும் உள்ளே போவது 30 மில்லி. அதற்கு 20 நிமிடம் ஆகியிருக்கும். ஒரே மடக்கில் இறக்கியிருந்தால், அந்நேரத்துக்கு மூன்றாவது ரவுண்டு ஓடிக்கொண்டிருக்கும்.