முக்கோணங்களால் அளந்த பெருநிலம்

பெருங்கருமம் ஒன்றை மேற்கொள்வார் முதற்கண் வினவவேண்டிய வினா, அதனை எவ்வாறு முடிப்பது என்பதன்று. எதனை முடிப்பது, எதனைப் பிறர்க்கு விடுவது என்பதே. அகல உழுவதினும் ஆழ உழுவது நன்று என்பது உழவர் கண்ட உண்மை. ஆயின், அகலமாகவும் ஆழமாகவும் உழவேண்டிய நிலம் ஒன்று வாய்த்துவிட்டால் உழவன் என் செய்வான்? அதனைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்வான். பாரத நாட்டை அளக்கப் புகுந்தோர் கையாண்ட முறையும் இதுவேயாகும்.

1799ஆம் ஆண்டிலே சீரங்கபட்டணம் வீழ்ந்ததும், தென்னாட்டின் பெரும்பகுதி ஆங்கிலக் கும்பினியாரின் ஆட்சிக்கும் செல்வாக்கிற்கும் உட்பட்டது. ஆளப்போகும் நாட்டின் நீள அகலங்களை அவர்கள் செவ்வையாக அறிந்திலர். அந்நாளில் இருந்த படங்கள் வழிநடைத் தூரத்தைக் கொண்டும், வான்மீன்களை நோக்கிக் கணித்த இடங்களைக் கொண்டும் வரையப்பட்டவை. அவற்றிலே நேர்ந்த பிழை சிலவிடங்களிற் பல மைல்களுக்கு மேற்பட்டதாயிருந்தது. அப்போரிற் பங்குகொண்ட வில்லியம் லாம்ற்றன் என்னும் படை அலுவலர், ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை திரிகோண கணித முறையால் அளக்கவேண்டுமென்ற திட்டமொன்றைச் சென்னை அரசினரிடம் முன்வைத்தார்.

இத்திட்டத்தின் சிறப்பு, அது செய்யமாட்டேன் என்று விலக்கியவற்றிலே தங்கியிருந்தது. ஊர்களையும் குளங்களையும் வயல்களையும் வழிகளையும் குறிப்பது லாம்ற்றனின் பணியன்று. அப்பணி மைசூர் நாட்டிலே கொலின் மக்கென்சியிடம் விடப்பட்டது. பிற்காலத்திற் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தொகுத்துப் புகழ்பெற்றவர் இவரே. லாம்ற்றன் எடுத்துக்கொண்டதோ எலும்புக்கூட்டை மட்டும் அமைக்கும் வேலை. ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்ட சில நூறு இடங்கள் கிடைத்துவிட்டால், ஏனைய அளவைகளெல்லாம் அவற்றின்மேற் சதையும் தோலும் போலப் பொருந்தும் என்பது அவர் துணிபு.

இனி, அவ்வெலும்புக்கூட்டைத்தான் எவ்வாறு அமைப்பது? முக்கோணம் ஒன்றின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு அந்தங்களிலுள்ள கோணங்களும் தெரியின், மற்றை இரு பக்கங்களையும் கணிதத்தாற் பெறலாம். அவ்வாறு பெற்ற பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடியாகும். எனவே நிலத்தின்மேற் சங்கிலி பிடித்து அளக்கவேண்டியது முதலாவது கோடு ஒன்றே. பின்னர்க் குன்றின் உச்சியிலும் கோயிற் கோபுரத்திலும் ஏறி நின்று கோணங்களை நோக்கினாற் போதும். நாடு முழுதும் அளக்கும் பெருவேலை, ஒவ்வொரு முக்கோணம் என்னும் சிறுவேலையாயிற்று.

1802ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 10ஆந் திகதி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அம்முதற் கோடு தொடங்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். நூறடி நீளமான உருக்குச் சங்கிலியை மரப்பெட்டிகளுள் இட்டு, வெப்பமானிகளால் அதன் சூட்டைக் குறித்து, ஏறத்தாழ 400 தடவை நகர்த்தி நகர்த்தி அளந்தனர். கோடை வெயிலில் உருக்கு நீளும். நீண்டவாறு கணக்கிலே திருத்தம் செய்யவேண்டும். முதற் கோட்டிலே மயிரிழை பிசகினும் அப்பிசகு முக்கோணந்தோறும் தொடர்ந்து செல்லுமாதலால், இத்துணைப் பொறுமை வேண்டியதாயிற்று.

கோணங்களை நோக்குதற்கு இலண்டனிலிருந்து வருவிக்கப்பட்ட தியோடலைற்று என்னும் கருவி அரைத் தொன் நிறையுடையது. அதனை ஏற்றிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டு, கருவி மொரிசியசுத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் அவர்களே மரியாதையுடன் அனுப்பிவைத்தனர். அக்கருவிகொண்டு சென்னையிலிருந்து மங்களூர்க் கரைவரை முக்கோணங்கள் பின்னப்பட்டபோது, 400 மைல் என்று மதிக்கப்பட்டிருந்த குடாநாட்டின் அகலம் 360 மைலே எனத் தெரியவந்தது. திட்டத்தின் பயனை ஐயுற்றோர்க்கு இதனினும் தக்க விடை வேண்டியதில்லை.

1808ஆம் ஆண்டிலே தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அக்கருவியை ஏற்றுகையிற் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தகடு உருக்குலைந்தது. லாம்ற்றன் கூடாரத்துள் ஆறு கிழமையளவு அடைந்துகிடந்து அதனைச் சிறிது சிறிதாக இழுத்துச் சீராக்கினார். வேலை பகுதி பகுதியாக வகுக்கப்பட்டிருந்தமையால், முன்னர் முடிந்த முக்கோணங்கள் அவ்விபத்தால் ஒரு சிறிதும் பழுதுபடவில்லை.

1818ஆம் ஆண்டிலே இவ்வளவை 'இந்தியாவின் பெருந் திரிகோண அளவை' எனப் பெயர் பெற்றது. 1823இல் லாம்ற்றன் இங்கன்காட் என்னுமிடத்தில், அளவைப் பயணத்தின் இடையிலேயே காலமானார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜோர்ஜ் எவறெஸ்ற், 1830ஆம் ஆண்டு நில அளவை அதிபதியுமானார். தெற்கிலே லாம்ற்றன் வலைபோல முக்கோணங்களை நிலமெங்கும் விரித்திருந்தார். வடக்கிலும் அவ்வாறே செய்யின் காலமும் பொருளும் எல்லையின்றிச் செலவாகும் என்று கண்ட எவறெஸ்ற், திட்டத்தின் எல்லையை மீண்டும் வரையறுத்தார். தெற்கு வடக்காக ஏறத்தாழ ஒவ்வொரு பாகை இடைவெளியிலும் ஒரு முக்கோணத் தொடர். அவற்றை இணைக்கக் கிழக்கு மேற்காகச் சில தொடர்கள். சந்திகளிலே நிலத்தில் அளந்த அடிக்கோடுகள். சாளரத்தின் கம்பிகள் போன்ற இவ்வமைப்பின் இடைவெளிகளை ஏனைய அளவையாளர் நிரப்புவர்.

ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிக்கவும் இவ்வமைப்பு இடந்தந்தது. சிரோஞ்சு என்னும் இடத்து அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்களின் வழியே கணித்து வந்த தேராதூன் அடிக்கோட்டின் நீளமும், நிலத்தில் நேரே அளந்த நீளமும் ஒப்புநோக்கப்பட்டன. ஏழு மைலுக்கு மேற்பட்ட அக்கோட்டிலே வேறுபாடு ஏறத்தாழ ஏழு அங்குலமே. குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை, ஏறக்குறைய 1,500 மைல் நீண்ட பெருவில் 1841ஆம் ஆண்டில் நிறைவெய்தியது.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலை சிறிதன்று. கோதாவரிக் காடுகளிலும் இமயத்தின் அடிவாரச் சதுப்பு நிலங்களிலும் கொடி பிடித்தோரும் சுமை தூக்கினோரும் விளக்கேற்றினோரும் காய்ச்சலால் மாண்டனர். அவருட் பலருடைய பெயர்கள் எந்தப் படத்திலும் இடம்பெறவில்லை. அளந்தவர் அயலார்; அளவையால் அவர் ஆட்சி வலுப்பெற்றது என்பதும் மறத்தற்குரியதன்று.

எனினும் அம்முறையின் உறுதியைப் பின்வந்த செயல் ஒன்று காட்டும். இமயத்தொடரின் முக்கோணங்களை ஆதாரமாகக்கொண்டு, வங்கக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தார் முதலானோர் செய்த கணக்கின்படி, 15ஆம் எண்ணால் வழங்கிய சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அச்சிகரத்துக்கே எவறெஸ்ற்றின் பெயர் இடப்பட்டது. 2020ஆம் ஆண்டு நேபாளமும் சீனாவும் கூடி அறிவித்த உயரம் 8,848.86 மீற்றர், அஃதாவது, சற்றொப்ப 29,032 அடி. இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு முப்பது அடியே.

உலகின் அதியுயர்ந்த சிகரம், அதன்மேல் மனிதர் எவரும் கால்வைப்பதற்கு ஒரு நூற்றாண்டளவு முன்னரே அளக்கப்பட்டுவிட்டது. அவ்வளவு தூரம் எட்டிய கணக்கு, பரங்கிமலை அடிவாரத்திலே வெயிலில் நீட்டப்பட்ட நூறடிச் சங்கிலியிலிருந்து தொடங்கியது.