வாடகை விமானத்தின் நட்டம் யார் தலையில்?

விமானக் காப்பீடு கப்பல் காப்பீட்டிலிருந்து பிறந்தது. கப்பலின் உடலைக் குறித்த ‘ஹல்’ என்ற சொல்லே இன்றும் பாலிசிகளில் விமானத்தின் உடலுக்கு வழங்குகிறது. லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் 1911-இல் முதல் விமானப் பாலிசி எழுதப்பட்டது. மோசமான வானிலையில் விமானங்கள் அடுத்தடுத்து விழவே, மறு ஆண்டே எழுதியவர்கள் பின்வாங்கினார்கள். சென்னை அதற்கு முன்பே விமானத்தைப் பார்த்துவிட்டது. 1910-இல் ஜாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் பட்டறையில் கட்டிய விமானத்தைப் பல்லாவரத்தில் சோதித்துவிட்டுத் தீவுத்திடலில் பறந்து காட்டினார். விழுந்திருந்தால் நட்டம் அவர் கைக்காசுதான்.

சொந்தமாக விமானம் வாங்க முடியாதவருக்கும் பறக்க வழி செய்தவை கிளப்புகள். 1928-இல் டெல்லியிலும் பம்பாயிலும் கிளப்புகள் தொடங்கின; 1930-இல் மீனம்பாக்கத்துக்கு வந்தது மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப். அரசு மானியம், உறுப்பினர் சந்தா, மணிக்கணக்கில் பறப்புக் கட்டணம் ஆகியவற்றில்தான் இத்தகைய கிளப்புகள் நடந்தன. பாலிசி கிளப்பின் பெயரில் இருக்கும். உறுப்பினரோ கிளப்பின் ஒரு பகுதி. ஆகவே வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவரைத் தனி ஆளாக நினைக்கும் பழக்கம் தொடக்கத்தில் வேரூன்றவில்லை. வாடகை விமானத்தின் நட்டம் யாருடையது என்ற இன்றைய குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் நியூ இந்தியா நிறுவனம் 1946-இல் விமானக் காப்பீட்டுக்கெனத் தனித் துறை அமைத்தது. 1973-இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானபோது நான்கு அரசு நிறுவனங்கள் உருவாயின. அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. 2000-இல் தனியாருக்கும் கதவு திறந்தது. கை மாறினாலும் சரக்கு பெரிதாக மாறவில்லை. பெரிய தொகைகளுக்கு மறுகாப்பீடு வேண்டும், அதன் நிபந்தனைகளில் லண்டன் சந்தையின் கை ஓங்கியே இருந்தது.

கிளப்பின் இடத்தில் பயிற்சிப் பள்ளி வந்ததும் உறுப்பினர் வாடிக்கையாளர் ஆனார். பாலிசி மட்டும் உரிமையாளரைச் சுற்றியே நின்றது. அதில் விமானி பற்றிய நிபந்தனை ஒன்று உண்டு: இன்ன உரிமம், இத்தனை மணி நேர அனுபவம் உள்ளவர் மட்டுமே ஓட்டலாம். இது மீறப்பட்டால் காப்பீடு நிற்காமல் போகலாம். மீறப்படாவிட்டாலும் நட்டத் தொகையின் முதல் பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டியிருக்கும். அதைப் பள்ளி விமானியிடம் கேட்கலாம். இவற்றைவிடக் கனமானது இன்னொன்று. இழப்பீடு கொடுத்த நிறுவனம், உரிமையாளரின் இடத்தில் நின்று, தவறு செய்த விமானியிடமே அந்தப் பணத்தைத் திரும்பக் கோரலாம். பள்ளியிடம் காப்பீடு இருக்கிறது என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பறப்பவருக்கு இது பேரிடி. அமெரிக்காவில் இந்த இடைவெளியை அடைக்க, பிறர் விமானத்தை ஓட்டுகிறவருக்கென்றே தனிப் பாலிசி விற்கப்படுகிறது.

சென்னையை அடுத்த தாம்பரத்தின் கதை வேறு. 1954-இல் அம்பாலாவிலிருந்து வந்த விமானப்படைப் பயிற்றுநர் பள்ளியின் விமானங்கள் அரசு உடைமை. அரசு தன் உடைமைக்குப் பொதுவாகக் காப்பீடு எடுப்பதில்லை. நட்டத்தைக் கருவூலமே தாங்குகிறது. விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவருக்கு அப்படியொரு கருவூலம் இல்லை. தாம்பரத்தை அடுத்த படப்பை, ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிவிட்ட நிலையில், விமானம் விழுந்தால் தரையில் இருப்பவருக்கு நேரும் சேதமும் சிறிதாக இராது. அந்தப் பொறுப்புக்கான காப்பில் பள்ளியோடு விமானியின் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பாலிசித் தாளைப் படித்துத்தான் அறிய முடியும்.