எலும்புக்குச் சாந்து

எலும்பிலுள்ள பள்ளத்தை வேற்றுப் பொருளால் நிரப்பும் முயற்சி புதியதன்று. 1892 இல் ஜெர்மானியராகிய திரெஸ்மன் பாரிசுச் சாந்தையிட்டு நிரப்பினார். கொத்தன் தொழிலை வைத்தியன் கைக்கொண்டான் எனலாம். 1920 இல் அமெரிக்கராகிய அல்பீ கல்சியம் பொசுபேற்றைச் சோதித்தார். 1962 இல் இங்கிலாந்தில் சார்ன்லி இடுப்புமூட்டு மாற்றத்தை நிலைநாட்டிய பின்னரே இத்தேவை பெரிதாயிற்று. பல்லாண்டு உழைத்துத் தளர்ந்த செயற்கை மூட்டைக் களைந்து புதியதைப் பொருத்துங்கால், அதனைத் தாங்கவேண்டிய கிண்ணவெலும்பே தேய்ந்து கிடக்கும். 1984 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சுலூப் குழுவினர் எலும்புத் துணுக்குகளை இடித்திறுக்கி அக்குறையை நிரப்பிய முறையை வெளியிட்டனர். ஆயினும் பிறர் எலும்பு வேண்டியளவு கிடைப்பதரிது, தொற்றச்சமும் உண்டு. ஆகவே எலும்பின் கனிப்பொருளையே ஒத்த ஐதரொட்சியப்பற்றைற்று நாடப்பட்டது.

கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் சுண்ணக்கல்லுக்குக் குறைவில்லை. நாம் அதனைச் சூளையிற் சுட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்குமே பூசிவந்தோம். பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியலாரோ ஐதரொட்சியப்பற்றைற்று நுண்டுகள்களை ஆக்கித் தைத்தேனியத்தின்மேற் பூசி ஆராய்ந்துள்ளனர். ஆய்வுகூடத்திலிருந்து அறுவைமேசைக்குச் செல்லும் வழி நெடிது. விலங்குச் சோதனை, மனிதர் மீதான சோதனை, அரசின் அனுமதி என ஒவ்வொன்றையும் அத்துகள் கடந்தாகவேண்டும்.