மங்கிய ஒளியும் பிம்பக் குழாயும்

தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து நம்மை வந்தடையும் ஒளி மிகச் சிறிது. அதிலும் ஒளிப்படத் தகட்டில் பதிவது நூற்றில் ஒரு பங்கேயாம். ஆதலின் ஒரு நிறமாலையைப் பெற, வானநூலார் இரவு முழுதும் தொலைநோக்கியருகே காத்திருக்க நேர்ந்தது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே ஒளியைப் பெருக்கும் பிம்பக் குழாய். அதன் முகப்பில் படும் ஒளி எலெக்ட்ரான்களை வெளிப்படுத்தும். உயர் மின்னழுத்தம் அவற்றை விரைந்தோடச் செய்யும். அவை மோதும் திரையில் அதே பிம்பம் பன்மடங்கு ஒளியுடன் தோன்றும். அதனையே படமெடுப்பர். 1960களில் அமெரிக்கக் கார்னெகி நிறுவனத்தின் கென்ட் ஃபோர்டு இக்குழாயை நிறமாலைக் கருவியுடன் இணைத்தார். பத்து மணி நேரப் பணி ஏறக்குறைய ஒரு மணி நேரமாகக் குறைந்தது.

அக்கருவியால் அவரும் வேரா ரூபின் அம்மையாரும் ஆண்ட்ரமீடா மண்டலத்தின் சுழற்சி வேகத்தை அளந்து, 1970ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சூரியனுக்குத் தொலைவான கோள்கள் மெல்லச் சுற்றுகின்றன. ஆண்ட்ரமீடாவின் வெளிப்புறமோ அவ்வாறு வேகங் குறையவில்லை. பின்னர்ப் பிற மண்டலங்களிலும் இதுவே காணப்பட்டது. புலப்படாப் பொருளொன்று அவற்றைப் பிணைத்துள்ளது என்னும் கருத்து வலுப்பெற்றது.

இன்று அக்குழாய்களின் இடத்தைச் சி.சி.டி. போன்ற கருவிகள் பெற்றுவிட்டன. எனினும், மங்கிய ஒளியைக் காண அமைத்த கருவியே ஒளியற்ற பொருளுக்கும் சான்று தந்தது என்பதை வானநூல் வரலாறு மறவாது.