செரங்கெட்டிக்குப் போகும் பாதை

சஃபாரி என்றதும் நம்மூரில் முதலில் ஞாபகம் வருவது சட்டையும் பேண்ட்டும் ஒரே துணியில் தைத்த சஃபாரி சூட்தான். அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனவர்கள் நம்மூரில் குறைவு, கல்யாணத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போனவர்கள்தான் அதிகம்!

சஃபாரி என்பது ஸ்வாஹிலி மொழிச் சொல். பயணம் என்று மட்டுமே அர்த்தம். சிங்கம், யானை எதுவும் அந்தச் சொல்லில் கிடையாது. அரபியில் 'சஃபர்' என்பதிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் வெளிநாட்டுப் பிரயாணத்தை 'சபர்' என்று சொல்வார்களே, அதே சொல்தான்.

இன்று தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து ஜீப்பில் கிளம்பினால், 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, செரங்கெட்டி தேசியப் பூங்காவின் நடுவில் இருக்கும் செரோனெராவுக்கு ஒரே பகலில் போய்விடலாம். கோரோங்கோரோ வாசல் வரை தார்ச்சாலை. அதற்கப்புறம் புழுதிதான். இந்தப் பாதையின் கதையைத் தெரிந்துகொண்டால் கிழக்கு ஆப்பிரிக்காவின் நூறு வருடக் கதையில் பாதி தெரிந்த மாதிரி.

நடந்து போன காலம்

கார் வருவதற்கு முன்னால் சஃபாரி என்றால் சுமைகூலிகளின் வரிசை. கூடாரம், அரிசி, தோட்டா, குளிக்கும் தொட்டி வரை எல்லாம் மனிதத் தலையில்தான் போனது. பிறகு ரயில் வந்தது. 1896ல் மொம்பாசாவில் வேலை தொடங்கி, 1899ல் நைரோபியையும் 1901ல் விக்டோரியா ஏரியையும் தொட்டது உகாண்டா ரயில்வே. அதைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கூட்டிப்போன சுமார் 32,000 தொழிலாளர்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் ஊர் திரும்பவே இல்லை.

அந்த ரயிலில்தான் 1909ல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வந்து இறங்கினார். பதவி முடிந்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட சுமைகூலிகள். தோல்களைப் பதப்படுத்த மட்டும் நான்கு டன் உப்பு! அவரும் அவர் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்ட விலங்குகள் 512. அருங்காட்சியகத்துக்காக என்று சொல்லப்பட்டது. ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய பணக்காரர்களுக்கு அருங்காட்சியகம் எல்லாம் ஒரு காரணமாக இல்லை.

அப்போதும் செரங்கெட்டி தப்பித்துக்கொண்டது. ரயில் தடத்திலிருந்து அது ரொம்ப தூரம். 1913ல் ஸ்டூவர்ட் எட்வர்ட் வைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் நைரோபியிலிருந்து தெற்கே நாள்கணக்கில் நடந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தார்.

கார் வந்தது, சிங்கம் செத்தது

முதல் உலகப்போர் முடிந்தது. 1920 வாக்கில் லெஸ்லி சிம்ப்சன் என்ற அமெரிக்கர் ஃபோர்டு காரை ஓட்டிக்கொண்டு செரங்கெட்டிக்குள் நுழைந்தார். ரோடு எதுவும் இல்லை. ஆனால் செரங்கெட்டியின் தெற்குப் பகுதி மேசை மாதிரி சமதளம், மரமே கிடையாது. அங்கே ரோடு தேவையே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் ஓடும்.

ஆப்பிரிக்கா முழுவதும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. மேஜர் கோர்ட் ட்ரீட், அவர் மனைவி ஸ்டெல்லா, இன்னும் சிலர் சேர்ந்து 1924 செப்டம்பரில் இரண்டு கிராஸ்லி லாரிகளில் கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்குக் கிளம்பினார்கள். மழையில் சேறு வண்டியை விழுங்கியது. வழியில்லாத இடங்களில் வழியை அவர்களே உண்டாக்கவேண்டியிருந்தது. கெய்ரோ போய்ச் சேர்ந்தது 1926 ஜனவரியில். 16 மாதங்கள்! அந்தக் கண்டத்தில் காரில் போவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

செரங்கெட்டியில் அந்தக் கஷ்டம் இல்லாமல் போனதுதான் வினை. சிங்கம் மனிதனைக் கண்டால் எச்சரிக்கையாகும். காரைக் கண்டால் அசையாது. அதன் கண்ணுக்குக் கார் இரையும் இல்லை, எதிரியும் இல்லை. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் பத்தடி தூரத்திலிருந்து படம் எடுக்க முடிவது இந்தக் குணத்தால்தான். அன்றைக்கு அதே குணம் சிங்கத்துக்கு எமனானது. வைட் திரும்பவும் வந்தார், செரோனெராவில் மூன்று மாதம் தங்கினார். அவரும் கூட்டாளிகளும் சுட்ட சிங்கங்கள் ஐம்பது.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டெனிஸ் ஃபிஞ்ச் ஹாட்டன். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்த பாத்திரம் இவர்தான். இவரே தொழில்முறை வேட்டை வழிகாட்டி என்பதுதான் விசேஷம். காரில் உட்கார்ந்தபடி சிங்கத்தைச் சுடுவது வேட்டை இல்லை, வெறும் கொலை என்பது அவர் கட்சி. 1920களின் கடைசியில் லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். துப்பாக்கிக்குப் பதில் கேமராவை எடுக்கச் சொன்னார். 1929ல் செரங்கெட்டியின் ஒரு பகுதி வேட்டை தடைசெய்யப்பட்ட காப்பகமானது. 1931ல் விமான விபத்தில் ஃபிஞ்ச் ஹாட்டன் இறந்துபோனார். 1951ல் செரங்கெட்டி தேசியப் பூங்காவானது.

விலங்கு தப்பித்தது, மனிதன்?

இங்கே கதை சிக்கலாகிறது. செரங்கெட்டி ஆளில்லாத இடம் இல்லை. மசாய் மக்கள் மாடு மேய்த்த பூமி அது. அந்தப் பெயரே முடிவில்லாத சமவெளி என்று பொருள்படும் மசாய்ச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1890களில் வெக்கை நோய் வந்து அவர்கள் மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. 1892ல் அந்த வழியாகப் போன ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பவுமன் கண்டது பட்டினியால் எலும்பும் தோலுமான மசாய்களைத்தான். பின்னால் வந்த வேட்டைக்காரர்கள் பார்த்து 'மனிதக் கை படாத காடு' என்று வியந்ததில் இந்தப் பஞ்சத்துக்கும் பங்கு உண்டு.

1957ல் ஜெர்மன் விலங்கியலாளர் பெர்னார்ட் கிர்ஜிமெக்கும் மகன் மைக்கேலும் வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட சின்ன விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பறந்து வந்தார்கள். ஆகாயத்திலிருந்து விலங்குகளை எண்ணினார்கள், மந்தைகள் போகும் வழியைக் குறித்தார்கள். 1959 ஜனவரியில் விமானம் கழுகு மீது மோதி விழுந்தது. மைக்கேலுக்கு வயது 24. கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் அடக்கம் செய்தார்கள். அவர்கள் எடுத்த 'செரங்கெட்டி சாகக்கூடாது' படம் ஆஸ்கர் வாங்கியது. அதைப் பார்த்துதான் உலகம் அங்கே கிளம்பியது.

ஆனால் தேசியப் பூங்காவுக்குள் மனிதர் வசிக்கவே கூடாது என்பது கிர்ஜிமெக்கின் கொள்கை. 1958ல் மசாய் மூத்தவர்கள் செரங்கெட்டியை விட்டுக்கொடுக்கக் கையெழுத்துப் போட்டார்கள். பதிலுக்கு, பக்கத்திலேயே கோரோங்கோரோவில் அவர்கள் மாடுகளோடு வாழலாம் என்று வாக்குறுதி. 1959ல் எல்லை பிரிந்தது. 2022ல் தொடங்கி அந்தக் கோரோங்கோரோவிலிருந்தும் பல மசாய்க் குடும்பங்கள் தொலைவிலுள்ள ம்சோமெராவுக்கு அனுப்பப்பட்டன. விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்றது அரசு, வேறு வழியில்லாமல் செய்கிறார்கள் என்றார்கள் மசாய்கள்.

எல்லை மூடிய கதை

இந்தப் பாதையில் கணக்கு வழக்கும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் சுற்றுலா வியாபாரம் நைரோபி கையில்தான் இருந்தது. பயணி நைரோபியில் இறங்குவார், கென்ய வண்டியில் மாரா வழியாகச் செரங்கெட்டிக்கு வருவார், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். விலங்கு தான்சானியாவுடையது, வரவு கென்யாவுக்கு! 1977ல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்தபோது தான்சானியா எல்லையை மூடியது, கென்ய சுற்றுலா வண்டிகளைப் பறிமுதல் செய்தது. 1983ல் எல்லை திறந்தது. ஆனாலும் மாராவிலிருந்து நேரே செரங்கெட்டிக்குள் நுழையும் வாசலைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கவில்லை. வில்டபீஸ்ட் மந்தைக்கு பாஸ்போர்ட் வேண்டாம், மனிதன்தான் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

அந்த மந்தைக்கு வருவோம். மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட்டதும் வில்டபீஸ்டிடமிருந்தும் நோய் மறைந்தது. 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்தவை 1970களின் கடைசிக்குள் 13 லட்சத்தைத் தொட்டன. புல்லையும் தண்ணீரையும் தேடி ஒவ்வொரு வருடமும் வட்டமடித்து நடக்கின்றன.

தார் போடலாமா?

2010ல் அந்த வட்டத்தின் குறுக்கே, பூங்காவின் வடபகுதியில் 53 கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலை போட தான்சானிய அரசு திட்டமிட்டது. லாரிகள் ஓடினால் வேலி வரும், வேலி வந்தால் மந்தை நிற்கும், நின்றால் சாகும் என்றார்கள் விஞ்ஞானிகள். ஒரு கென்யத் தொண்டு நிறுவனம் வழக்குப் போட்டது. பூங்காவுக்குள் தார்ச்சாலை போடுவது சட்டவிரோதம் என்று 2014 ஜூனில் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விலங்குக்கு நல்ல தீர்ப்புதான். ஆனால் லோலியோண்டோ பக்கம் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? சந்தைக்கு எந்த வழியாகச் சரக்கு போவது? பூங்காவுக்கு வெளியே, தெற்கே சுற்றிப் போகும் சாலையைப் போடலாம் என்று யோசனை சொன்னார்கள். செலவும் தூரமும் கூடத்தான் ஆகும். ஆனால் செரங்கெட்டியை உலகத்தின் சொத்து என்கிறோம். அப்படியானால் அந்தக் கூடுதல் செலவில் உலகத்துக்கும் பங்கு இருக்கவேண்டும்தானே? சிங்கத்தைக் காப்பாற்றிய கணக்கில் வரவு எல்லோருக்கும் போகிறது. பற்று மட்டும் அந்த மண்ணில் மாடு மேய்த்தவன் பெயரிலேயே எழுதப்பட்டு வருகிறது.